மூடிக்கு அடியில் ஒரு வாசம்

ரூட் பீர் வாடை ரப்பரை விட்டு லேசில் போகாது. பெயரில்தான் பீர், அது குழந்தைகளும் குடிக்கும் இனிப்புப் பானம். அதன் மணத்தில் வின்டர்கிரீன் எண்ணெய் உண்டு. முழங்கால் வலிக்குத் தேய்க்கிற தைலத்தில் இருப்பதும் அதே எண்ணெய்தான். ரூட் பீர் இருந்த பழைய கெக் ஒன்றை, அதாவது பானம் அடைக்கும் எவர்சில்வர் கலனை வாங்கி, எத்தனை முறை வெந்நீர் ஊற்றி அலசினாலும் மூடியைத் திறந்ததும் அந்தத் தைல வாசம் முகத்தில் அடிக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் அது ஒட்டுவதில்லை. ஒட்டியிருப்பதெல்லாம் ஐந்து ரப்பர் வளையங்களில். மூடியைச் சுற்றி ஒரு பெரிய வளையம், கேஸ் குழாயும் பானக் குழாயும் மாட்டும் முனைகளான இரண்டு போஸ்ட்களின் வெளியே ஒவ்வொன்று, உள்ளே இறங்கும் இரண்டு குழாய்களின் கழுத்தில் ஒவ்வொன்று. ஐந்தையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக மாற்ற வேண்டும். பழைய கெக் கைக்கு வந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் இந்தக் கெக்குகள் பீருக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. கோக், பெப்சி கம்பெனிகள் உணவகங்களுக்குச் சிரப் அனுப்பிய கலன்கள் இவை. 5 கேலன், நம் கணக்கில் 19 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கொர்னீலியஸ் என்ற கம்பெனி செய்ததால் எல்லாருக்கும் இது 'கார்னி கெக்'. பெப்சியின் கலனில் குழாய் பந்துப் பூட்டால் மாட்டும். கோக்கின் கலனில் பக்கவாட்டு முளைகளில் மாட்டும், கேஸ் பக்கம் இரண்டு முளை, பானத்தின் பக்கம் மூன்று. இடம் மாறி மாட்டிவிடாமலிருக்க அந்த ஏற்பாடு. 1980-களில் தொடங்கி, அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சிரப் வர ஆரம்பித்ததும், இந்த எவர்சில்வர் கலன்களுக்குக் கம்பெனிகளிடம் வேலையில்லாமல் போனது. கிடங்கு கிடங்காகக் கழித்துக் கட்டினார்கள். பழைய இரும்பு விலைக்கு வந்தவற்றை வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் அள்ளிக்கொண்டார்கள்.

அப்படி அள்ளியவர்களில் ஒருவர் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். டென்வருக்கு நான் குடிவந்தபோது அவர் கராஜில் சுவரோரமாக இந்தக் கலன்கள் தலைகீழாக நின்றிருந்தன. அவர் பீர் காய்ச்சத் தொடங்கிய காலத்தில் அது சட்டப்படி குற்றம். 1933-ல் மதுவிலக்கை எடுத்தபோது வீட்டில் ஒயின் செய்யலாம் என்றார்கள், பீரை விட்டுவிட்டார்கள். 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் மத்தியச் சட்டம் வழிவிட்டது. வயதுவந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், ஒரு வீட்டுக்கு 200 என்று வரம்பு. மாநிலங்களில் கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் ஒத்துக்கொள்ள 2013 வரை ஆயிற்று. பெரியவர் இதையெல்லாம் கெக்கின் போஸ்டை ஸ்பானரால் திருகிக்கொண்டே சொல்வார். கை வேலை செய்யும், வாய் வரலாறு சொல்லும்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கழுவுவது அல்ல, மூச்சை வெளியே விடுவது. மூடியில் ஒரு சின்ன வளையம் இருக்கும். அதை இழுத்தால் உள்ளே அடைபட்ட கேஸ் சீறிக்கொண்டு வெளியேறும். சீற்றம் அடங்கி, மறுபடி இழுத்தும் சத்தமே வராதபோதுதான் மூடியிலோ போஸ்டிலோ கை வைக்க வேண்டும். பீர் ஊற்றும் அழுத்தம் 10, 12 பி.எஸ்.ஐ.தான். அதுவே ஒரு போஸ்டைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி முகத்துக்கு அனுப்பப் போதும். 2012-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பீர் ஆலையில், பிளாஸ்டிக் கெக் ஒன்றை அழுத்தக் காற்று விட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்துத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். கழுவுகிற வேலைதானே என்று இதில் எதையும் இலேசாக எடுக்க முடியாது.

மூச்சை விட்ட கெக்கைத் திறந்ததும் பெரியவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. தண்ணீர்க் குழாயை எடுக்க மாட்டார். குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, கெக்கின் வாய்க்குள் மூக்கை விட்டு ஒரு இழுப்பு இழுப்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கராஜ் மறந்துபோய், ஈரோட்டுக்கு மேற்கே ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தின் மேடை கண்முன் வந்துவிட்டது.

அப்பாவுக்கு அங்கேதான் வேலை. எல்லாரும் சில்லிங் சென்டர் என்போம். ஊர் ஊராகச் சொசைட்டிகளிலிருந்து லாரியில் 40 லிட்டர் அலுமினியக் கேன்கள் வந்து இறங்கும். மேடையில் நின்று ஒவ்வொரு கேனாக மூடியைத் தட்டித் திறப்பார். திறந்த மாத்திரத்தில் மூக்கைக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் வாசம் மூடிக்கும் பாலுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச இடத்தில்தான் கூடி நிற்கும். காற்றுப் பட்டால் போய்விடும். லாக்டோமீட்டர் பிறகு, சோதனைக் குழாயில் பாலைக் காய்ச்சித் திரிகிறதா என்று பார்ப்பது அதற்கும் பிறகு. முதலில் மூக்கு. புளிப்பு, தீவன வாடை, கழுவாத கேன் வாடை என்று பிரித்துச் சொல்வார். கடைசியாகச் சொன்னதுதான் அவருக்குக் கோபம் வரவழைப்பது. மாடு என்ன செய்யும், மனிதன் கழுவாததற்கு மாடு என்ன செய்யும் என்பார்.

பாலை ஊற்றியபின் கேன் கழுவும் இடத்துக்குப் போகும். பள்ளி விட்டு வந்து நான் அங்கே நிற்பதுண்டு. வரிசை ஒருநாளும் மாறாது. முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீரை முதலில் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அடுத்து சோடாக் கரைசல் சூடாக. அடுத்து மறுபடி தண்ணீர், நீராவி. கடைசியில் கம்பித் தட்டில் தலைகீழாகக் கவிழ்ப்பது. அலுமினியத்தைக் கடுமையான காரம் தின்றுவிடும் என்பதால் அந்தச் சோடாவில் சிலிகேட் கலந்திருப்பார்கள். அது உலோகத்தைக் காப்பாற்றும்.

டென்வரில் பெரியவர் என் கையில் கொடுத்த வெள்ளைத் தூளின் டப்பாவைத் திருப்பிப் படித்தபோது அதிலும் சோடியம் மெட்டாசிலிகேட் என்று இருந்தது. கூடவே சோடியம் பெர்கார்பனேட், அது தண்ணீரில் கரைந்ததும் ஆக்சிஜனைக் குமிழ் குமிழாக விட்டு அழுக்கைப் பிரித்தெடுக்கும். பால் வேலையும் பீர் வேலையும் கழுவும் இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டிலும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து சுவரில் கல்லாகப் படியும். பாலில் அது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். பீரில் கால்சியம் ஆக்சலேட், பார்லி மால்ட்டில் உள்ள ஆக்சாலிக் அமிலம் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து வருவது. பீர்க்கல் என்று சொல்லலாம். பழுப்பு கலந்த வெள்ளைப் படலமாக இருக்கும், ஈரமாக இருக்கையில் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்தபின் விரலை வைத்துத் தடவினால் சொரசொரக்கும். காரம் புரதத்தை எடுக்கும், கல்லை எடுக்காது. கல்லுக்கு அமிலம் வேண்டும். அதனால்தான் ஆலைகளில் காரம் ஒரு நடை, அமிலம் ஒரு நடை என்று மாற்றி மாற்றிக் கழுவுகிறார்கள். கல்லை விட்டுவைத்தால் அதன் பொந்துகளுக்குள் கிருமிகள் குடித்தனம் நடத்தும். மேலே எந்த மருந்து ஊற்றினாலும் அவற்றுக்கு எட்டாது.

முகர்வதற்கென்றே ஆள் வைத்திருந்தது பால் மேடைகள் மட்டுமல்ல. டப்ளினில் கின்னஸ் ஆலைக்கு ஊரெங்கும் போய்த் திரும்பிவரும் மரப் பீப்பாய்களை முகர்ந்து பார்க்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். துளையில் மூக்கை வைத்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரிப்பது அவர்கள் வேலை. மரத்துக்குள் புளிப்பு ஏறிவிட்டால் தண்ணீரால் அது இறங்காது. உலோகப் பீப்பாய்கள் 1946-ல் அங்கே நுழைந்தன. 1960-களில் மரம் ஒழிந்தது, அதோடு அந்த மூக்குகளுக்கும் வேலை போயிற்று.

மூக்குக்குத் தெரிந்ததைக் கண்ணுக்குக் காட்டியவர் லூயி பாஸ்டர். 1871-ல் அவர் லண்டனில் விட்பிரெட் ஆலைக்குப் போய், அவர்களுடைய ஈஸ்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இதில் வேண்டாத கிருமிகள் கலந்திருக்கின்றன என்று காட்டினார். அடுத்த முறை அவர் போவதற்குள் ஆலைக்காரர்கள் சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிவிட்டிருந்தார்கள். 1876-ல் பீர் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. சூடாக்கிக் கிருமியைக் கொல்லும் முறையை அவர் கண்டது ஒயினைக் காப்பாற்ற. பாலுக்கு அதைப் பயன்படுத்தியது பிறகு வந்தவர்கள். அப்பாவின் நிலையத்தில் பாஸ்டரின் பெயரைச் சுமந்த பாஸ்டரைசர் இயந்திரத்தைச் சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அது ஒயினிலிருந்தும் பீரிலிருந்தும் பாலுக்கு வந்த முறை என்பது டென்வருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அப்பா ஓய்வு பெற்றபின் ஒரு கோடையில் இங்கே வந்தார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. நான் பீர் காய்ச்சுவதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று கெக்குகளை மறைத்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன், வைக்கவில்லை. இரண்டாம் நாளே கராஜுக்கு வந்துவிட்டார். கழுவிக் காயவைத்திருந்த ஒரு கெக்கை நிமிர்த்தி, மூடியை எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இந்தச் சந்துல ஈரம் நிக்குது பாரு."

"துடைச்சுட்டுத்தானுங்கப்பா வெச்சேன்."

"துணி போகாத எடம். மூடியத் தனியாக் காய வையி, ஏனத்தத் தனியாக் கவுத்து வையி. நீ குடிக்கறதப் பத்தி நான் ஒன்னுஞ் சொல்லல. ஏனம் ஏனந்தான், அதுக்குள்ள என்ன ஊத்துனா என்ன."

அன்று சாயங்காலம் பெரியவர் ஒரு கெக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுவித்தான் வைத்திருந்தாராம், ஆனால் அதில் ஊற்றுகிற பீர் மட்டும் ஒரு மாதிரி இருக்கிறதாம். அவர் முகர்ந்தார், நான் முகர்ந்தேன், ஈஸ்ட் வாசம் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டோம். அப்பா குனிந்தார். மேடையில் நின்ற அதே குனிவு, ஒரு கை முட்டியில், ஒரு கை கழுத்து விளிம்பில்.

"வெண்ணெ வாசம் அடிக்குதே. மோர் ஊத்தி வெச்சு ரெண்டு நாள் ஆன ஏனம்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் பெரியவரின் முகம் மாறிவிட்டது. பீரில் வெண்ணெய் வாசம் என்றால் அது டையசெடில். வெண்ணெய்க்கு வெண்ணெய் மணத்தைத் தருவது அந்த மூலக்கூறுதான். காய்ச்சும்போது ஈஸ்டே கொஞ்சம் உண்டாக்கும், பிறகு அதுவே தின்று தீர்த்துவிடும். தீர்ந்தபின்னும் திரும்பத் திரும்ப ஒரே கெக்கில் வந்தால், பெடியோகாக்கஸ் என்கிற கிருமி எங்கேயோ குடியிருக்கிறது என்று பொருள். தயிரைப் புளிக்கவைக்கும் கிருமிக்கு உறவுக்காரன் அது. பாலிலேயே வாழ்நாள் கழித்த மூக்குக்கு அது பழைய பழக்கம்.

மூன்று பேரும் உட்கார்ந்து கெக்கை முழுக்கப் பிரித்தோம். பானம் ஏறி வரும் நீளக் குழாய்க்குள் நீளப் பிரஷ் விட்டு இழுத்தோம், சுத்தமாக வந்தது. போஸ்ட்களுக்குள் இருக்கும் பாப்பெட் என்ற சின்ன வால்வுகளை வெளியே தள்ளினோம், சுத்தம். கேஸ் இறங்கும் குட்டைக் குழாய் ஒன்று இருக்கிறது, விரல் நீளம்கூட இராது. கேஸ்தானே போகிறது என்று பலர் அதைக் கழற்றுவதே கிடையாது. ஆனால் கெக்கை நிறைய நிரப்பினாலோ, குளிர்ந்த பீரைச் சாய்த்துக் குலுக்கினாலோ பீர் அதற்குள்ளும் ஏறும். அதன் கழுத்து வளையத்தை உருவியதும் அடியில் மெலிதாக, வழவழப்பாக, சோற்றுக் கஞ்சி காய்ந்த நிறத்தில் ஒரு படலம். அப்பா நகத்தால் வழித்து விரல் நுனியில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். பெரியவரிடம் விரலை நீட்டினார். அவரும் முகர்ந்து தலையாட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது, அன்றைக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

இந்தக் கிருமிகள் பீரைக் கெடுக்குமே தவிர ஆளைக் கெடுக்காது. ஹாப்ஸ் பூவின் கசப்பு, சாராயம், புளிப்பு, கரியமில வாயு எல்லாம் சேர்ந்திருப்பதால் நோய் தரும் கிருமிகள் பீரில் பிழைப்பது அரிது. அதனாலேயே சிலருக்கு அலட்சியம். எனக்கு அது பிடிக்காது. ஒருவர் மூன்று வாரம் பார்த்துப் பார்த்துக் காய்ச்சிப் புளிக்கவைத்த ஒன்றை, விரல் நீளக் குழாயைக் கழற்றச் சோம்பல்பட்டு வீணாக்குவது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாத காரியம்.

இன்னொன்றும் பார்க்கப் பொறுக்காது, பிளீச். நல்ல கிருமிநாசினிதான், ஆனால் எவர்சில்வருக்கு எதிரி. எவர்சில்வர் துருப்பிடிக்காமலிருப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே போட்டுக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு போர்வையால். பிளீச்சை ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தால் குளோரைடு அந்தப் போர்வையில் ஊசித்துளை போடும், அங்கிருந்து உள்ளே அரிக்கும். இரும்பு நாரால் தேய்த்தாலும் கெடுதல்தான், இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டு துருவாகும். மென்மையான துணியும் பொறுமையும் போதும். பிளீச்சோடு அமிலம் எதுவும் கலக்கக் கூடாது என்பது தனி எச்சரிக்கை. அதிலிருந்து கிளம்பும் குளோரின் நுரையீரலைப் பதம்பார்க்கும்.

கழுவி முடித்த கெக்குக்கு, பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த நுரைக்கும் கரைசல். ஒரு கெக் தண்ணீருக்கு 30 மில்லி. ஓரிரண்டு நிமிடம் பட்டால் போதும், பிறகு அலசவும் வேண்டாம். நுரை உள்ளேயே தங்கிவிட்டாலும் பீருக்குக் கெடுதல் இல்லை. அப்பாவுக்கு இது மட்டும் கடைசிவரை ஒப்பவில்லை. மருந்தை ஊற்றிவிட்டு அலசாமல் பண்டத்தை ஊற்றுவதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் செய்வது இது: கரைசலைக் கழுத்துவரை நிரப்பி மூடி, கேஸ் பக்கம் கரியமில வாயுவைக் கொடுத்து, மறுபக்கக் குழாய் வழியாகக் கரைசல் முழுவதையும் வெளியே தள்ளிவிடுவேன். கடைசியில் உள்ளே மிச்சம் இருப்பது கரியமில வாயு மட்டும், காற்று இல்லை. காற்றின் ஆக்சிஜன் பட்டால் பீர் நனைந்த அட்டை மாதிரி சுவைக்கும். தள்ளிய கரைசல் அடுத்த கெக்குக்குப் போகும், வீணில்லை. பிறகு மூடி நன்றாக உட்கார 30 பி.எஸ்.ஐ. கொடுத்து, போஸ்டிலும் மூடிச் சந்திலும் நுரைக்கரைசலைத் தெளித்துப் பார்ப்பேன். குமிழ் கிளம்பினால் வளையத்தில் சிலிகோன் கிரீஸ் ஒரு துளி, அப்படியும் கிளம்பினால் புது வளையம். ஒரு குமிழை விட்டுவைத்தால் சிலிண்டர் ஒரே ராத்திரியில் காலியாகிவிடும்.

மதுக்கடைகளில் கெக்கிலிருந்து குழாய்க்கு வரும் லைனை 14 நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்று அமெரிக்க பீர் ஆலைகளின் சங்கம் தன் கையேட்டில் சொல்கிறது. எல்லாக் கடைகளும் கேட்பதில்லை. நான் எங்கே போனாலும் கிளாஸை வாய்க்கு முன்னால் மூக்குக்குக் கொண்டுபோவேன். வெண்ணெயோ காடியோ அடித்தால் அந்தக் கடையில் பாட்டிலில் வருவதைத்தான் கேட்பேன்.

பெரியவர் வயது காரணமாக மகள் ஊருக்குக் குடிபோனபோது தன் முளைப் பூட்டுக் கலன்களை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றின் போஸ்டைக் கழற்றப் பக்கவாட்டில் வெட்டு விட்ட ஸ்பானர் வேண்டும், அதையும் கூடவே கொடுத்தார். பாப்பெட்கள் இப்போது தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நீளப் பிரஷ்ஷும் அவருடையதுதான், பிடியில் அவர் சுற்றிய டேப் இன்னும் இருக்கிறது.

போன மாதம் ஆபீசில் உடன் வேலை பார்க்கும் மதுரைப் பையன் ஒருவன் புத்தம் புதுக் கெக்கைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தான். பளபளவென்று கண்ணைப் பறித்தது. அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொன்னேன்.

"புதுசுண்ணே. பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்கல. இதையுமா கழுவணும்?"

கவரைப் பிரித்து, மூடியை எடுத்து, மூக்கை விடச் சொன்னேன். சங்கோஜப்பட்டுக்கொண்டே குனிந்தான்.

"ஏதோ மெஷின் ஆயில் மாதிரி அடிக்குதுண்ணே."

தகட்டை வளைத்துப் பற்றவைக்கும்போது பட்ட எண்ணெய், தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. பீரில் அது கலந்தால் நுரை நிற்காது. கையுறையைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, தூளையும் கரண்டியையும் அவனிடம் கொடுத்தேன். கேஸ் பக்கக் குட்டைக் குழாயிலிருந்து பிரிக்க ஆரம்பித்தோம்.